டெலிட் செய்யச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளையைக் கேலி செய்து ஸ்டிக்கர் சுற்றுகிறது, அல்லது யாரோ போலி இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்து அசிங்கமாக எழுதுகிறார்கள் என்று தெரியவந்ததும், நம் கடலூர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் முதலில் வருகிற வார்த்தை, "அதை உடனே டெலிட் பண்ணு." நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு விநாடியில் சாட்சியம் போய்விடுகிறது. எடுத்து வைப்பது முதலில், புகார் அடுத்து, பிளாக் செய்வது கடைசியில் என்ற வரிசை மாறினால் பிறகு காவல் நிலையத்தில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. இன்ஸ்டா ஸ்டோரி 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவரே இரண்டு நாள் வரை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பதிலும் பிழை நேர்கிறது. மேலே 'கார்த்தி 10 பி' என்று இருந்தால் அது அந்தப் போனில் சேமித்து வைத்த பெயர் மட்டுமே. எந்த எண்ணுக்கும் யாரும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். பெயரின் மேல் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் படம் எடுக்க வேண்டும். இன்னொன்று, செய்திகளுக்கு நடுவே 'இன்று', 'நேற்று' என்றுதான் வாட்ஸ்அப் காட்டும். பத்து நாள் கழித்து அது எந்த 'நேற்று' என்று யாருக்குத் தெரியும்? எடுத்த தேதியையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால் வரிக்கு வரி தேதி, நேரத்தோடு முழு உரையாடலும் கோப்பாக வரும். ஒருமுறை மட்டும் திறக்கும் படம் என்றால் ஸ்கிரீன்ஷாட் விழாது. திறப்பதற்கு முன்பே பக்கத்தில் இன்னொரு போனைத் தயாராக வைத்துப் படம் பிடிக்க வேண்டும். இன்ஸ்டாவில் கணக்கின் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம் என்பதால், பெயர் மட்டும் போதாது, பதிவின் லிங்க்கையும் நகலெடுத்து வைப்பது அவசியம். செய்தி வந்த போனை ரீசெட் செய்யாமல், விற்காமல் வைத்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்துக்கு 2023-ன் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி இல்லாவிட்டால் அங்கே சிக்கல்.

இதற்கு ஒரே விதிவிலக்கு, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் ஆபாசப் படம் (உண்மையோ, செயலியில் ஒட்டிச் செய்ததோ). அதை நகலெடுக்கவே கூடாது. 'ஆதாரத்துக்காக' ஆசிரியர்கள் குழுவில் போடுவது படத்தை இன்னும் முப்பது பேருக்குக் கொண்டுபோவதோடு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் வழக்குக்கும் இடம் தரும். முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம். லிங்க், நேரம், அனுப்பிய எண் இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு போனை அப்படியே காவல் துறையிடம் காட்டினால் போதும். இத்தகைய சங்கதி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தனிக் குற்றம். நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை சிறை. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும்' என்று அமுக்கப் பார்ப்பவர்கள் இதைப் படித்துக்கொள்வது நல்லது.

தளத்திலிருந்து படத்தை நீக்க வைப்பதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படம், உருமாற்றிய படம், ஆள்மாறாட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் தந்தால் நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன் 24 மணி நேரம்) நடவடிக்கை எடுத்தாக வேண்டும். சிறார்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் அடையாளம் மட்டும் போகும், இணைந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். நீக்கிய பதிவின் விவரத்தை நிறுவனங்கள் 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. அதனால் 'பரீட்சை முடியட்டும்' என்று ஆறு மாதம் தள்ளிப்போடுவது ஆபத்து.

எல்லாவற்றுக்கும் 1930 என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அது முக்கியமாகப் பண மோசடிக்கான எண். படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்திருந்தால் உடனே அழைக்கலாம். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளமும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையமும்தான். தளத்தில் பெயர் சொல்லாமலும் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைத் தரலாம். ஆனால் அப்படித் தந்த புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று பின்தொடர முடியாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் எல்லை. காலையில் கடலூரில் பஸ் ஏறி முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் படிக்கிற பிள்ளைகள் ஏராளம். வீடு தமிழ்நாடு, கல்லூரி யூனியன் பிரதேசம், மிரட்டல் வந்ததோ போனில். 'அங்கே போய்க் கொடுங்க' என்று அலைக்கழிக்க இனி இடமில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமானால், எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். அதே சமயம் 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கானது.

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசுவுக்கு நேர்ந்த கொடூரத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறைகள் இரு பக்கமும் செல்லும். உதவி எண் 1800-180-5522. ஜூனியர்களைச் சேர்த்துச் சீனியர்கள் தொல்லை கொடுக்கும் வாட்ஸ்அப் குழுவும் ராகிங்தான் என்று யுஜிசி 2025-ல் கல்லூரிகளுக்குத் தெளிவாக்கியது.

பள்ளிக்குள் விசாரணை பற்றி: இரு வீட்டாரையும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை அங்கே வாய் திறக்காது. 'ஒண்ணுமில்ல சார்' என்று முடித்துக்கொள்ளும். தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதித் தேதி போட வேண்டும். பெஞ்ச் மாற்றுவதென்றால் தொல்லை கொடுத்தவரை மாற்றுங்கள். வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்க வைத்தால் அன்று மாலையே வேறு குழு பிறக்கும், அதில் ஆசிரியருக்கு இடமிருக்காது. சிரித்து எமோஜி போட்ட மற்ற நாற்பது பேரையும் ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டுப் பேசுவது சலிப்பான வேலைதான், ஆனாலும் பரவல் நிற்பது அங்கேதான். சாதிப் பெயர் சொல்லி ஸ்டேட்டஸ் வைப்பதை 'பசங்க சண்டை' என்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

வீட்டில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் போனைப் பிடுங்கினால் அடுத்த முறை சொல்லவே சொல்லாது. 'செத்துடலாம்போல இருக்கு' என்ற பேச்சு வந்தால் தனியே விடாமல் கூடவே இருந்து மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

மாவட்டக் கல்வி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உறுதிமொழிக்குப் பதில் 15 நிமிடம் ஒதுக்கி, பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் போனிலேயே எண் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பிரைவசியில் 'குழுவில் யார் சேர்க்கலாம்' என்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுவதையும் அங்கேயே செய்ய வைக்கலாம்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.