மயிலிறகு அனுப்ப வேண்டாம்

டென்வர்
ஜனவரி, கடைசி ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

முதலில் அவசரமான விஷயம். விராலிமலையில் மயிலிறகு ஒரு கட்டு வாங்கி வைத்திருப்பதாகவும், பார்சலில் அனுப்பப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அனுப்பிவிடாதே. தானாக உதிர்ந்த இறகாகவே இருந்தாலும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தடை இருக்கிறது. ஓய்வு பெற்ற தாசில்தார் மயிலிறகு கடத்திப் பிடிபட்டார் என்று பேப்பரில் வந்தால் உன் வீட்டில் என்னைத்தான் வைவார்கள். பூஜை அறையில் செருகி வை. தூண்டிலுக்குச் செயற்கைப் பூச்சி கட்ட எனக்கு வேண்டியது இங்கே கடையிலேயே கிடைக்கிறது.

உடம்பு பரவாயில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்றா? "தை பிறக்கட்டும்" என்றாய், தை பிறந்து பாதி முடிந்துவிட்டது.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம். நேற்று நம் நண்பன் சோடாபுட்டியின் மகளை ஆற்றுக்கு அழைத்துப் போனேன். போல்டரில் முதுகலை படிக்க வந்திருக்கிறாள் அல்லவா, போன வாரம் போன் செய்தாள். "பனிக்காலத்தில் ஆற்றில் இறங்கி நின்று மீன் பிடிப்பீர்களாம், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவீர்களாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். உண்மையா மாமா?" என்றாள். வந்து பார் என்றேன்.

"ஆறு உறைந்துபோகாதா?" என்று நீயும் கேட்டிருந்தாய். மேலே மலைக்குள் உறையத்தான் செய்கிறது. நாங்கள் போவது சவுத் பிளாட் ஆற்றில், சீஸ்மன் அணைக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கு. டென்வர் நகரத்தின் குடிநீருக்காகக் கருங்கல்லால் கட்டி 1905-இல் முடித்த அணை அது. தண்ணீர் மிகவும் கனமாக இருப்பது நான்கு டிகிரியில். அதனால் நீர்த்தேக்கத்தின் மேலே பனிக்கட்டி மூடிக் கிடந்தாலும் அடியில் நான்கு டிகிரித் தண்ணீர்தான் படிந்திருக்கும். மதகு அந்த ஆழத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. ஆகவே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் அணைக்குக் கீழே சில மைல்களுக்கு ஆறு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு கரையிலும் வெண்பனி, நடுவில் பச்சைக் கண்ணாடியாக ஓட்டம்.

மீன் பிடிக்கக் குறுக்குத்துறைக்கு விடியுமுன் ஓடிய பழக்கம் இங்கே உதவாது. குளிர்காலத்தில் இங்குள்ள ட்ரவுட் மீன் உன் தாலுகா அலுவலகம்போல, பதினொரு மணிக்கு முன்னால் போய் நின்று பயனில்லை, மூன்று மணிக்கு மேலும் பயனில்லை. குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் குளிரக் குளிர அதன் உடம்பில் எல்லாமே மெதுவாகிவிடுகிறது. கோடையில் இரைக்காக ஓட்டத்தின் குறுக்கே பாய்கிற அதே மீன், இப்போது ஆழமான கசத்தில் அடியோடு அடியாக நிற்கும். வாய்க்கு நேராக வருவதை மட்டும் தின்னும். ஒரு சாண் விலகிப் போனால் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படி வருவது என்ன என்று கேள். மிட்ஜ். கொசுவின் தூரத்து உறவு, ஆனால் கடிக்காது. மற்றப் பூச்சிகள் பெரும்பாலும் முடங்கிவிடுகிற காலத்தில் இது வண்டலிலிருந்து கிளம்பி, கூட்டுப்புழுவாக நீந்தி மேலே வந்து, பனிமூட்டத்துக்கு நடுவே சிறகு விரிக்கிறது. ஓர் அரிசியில் பாதிகூட இருக்காது. நம்முடைய செயற்கைப் பூச்சியும் அந்த அளவில்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டாம் எண், இருபத்து நான்காம் எண் முள். எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். அதில் கறுப்பு நூலைச் சுற்றி, மேலே மெல்லிய செப்புக் கம்பியை வரிவரியாக ஓட்டினால் கூட்டுப்புழு தயார். உன் மயிலிறகுக்கு வேலை மேல்மட்டத்தில். இறகின் ஒற்றை இழையை முள்ளில் சுற்றி, கூடவே கோழியின் கழுத்து இறகைச் சுருட்டிவிட்டால் மிட்ஜுகள் கொத்தாக மிதப்பதுபோலத் தெரியும். கிரிஃபித் என்பவரின் பெயரில் வழங்குகிறது. அவர், ட்ரவுட் மீன்களைக் காக்கும் ட்ரவுட் அன்லிமிடெட் என்ற அமைப்பை 1959-இல் மிச்சிகனில் தொடங்கியவர்களில் ஒருவர். அமெரிக்காக்காரர் பெயரில் நம் முருகனின் வாகனம் மிதக்கிறது. நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரி.

மண்புழுவும் மூங்கில் கழியும் வைத்துக் கெண்டை தூக்கிய கைக்கு இது பெரிய சோதனை. தூண்டில் நரம்பு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. விரல் மரத்துப்போன பிறகு அதில் முடிச்சுப் போட வேண்டும். தண்ணீரிலிருந்து வரும் நரம்பின் ஈரம் கோலின் வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். நின்று நின்று உடைத்துவிட வேண்டும். உதட்டுக்குப் பூசுகிற களிம்பை வளையங்களில் தடவினால் சற்றுத் தாங்கும், உதட்டுக்கு மிச்சம் இருக்காது.

இத்தனையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்கவே இல்லை. பாறைமேல் குந்தி உட்கார்ந்து கசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அங்கே ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது" என்றாள். தக்கையைப் பார்ப்பதை விட்டு மீனின் வாயைப் பார்க்க எனக்குப் பல குளிர்காலங்கள் ஆயின. சோடாபுட்டிக்குப் பிறந்ததற்கு இப்படிக் கண்! தக்கையைக் கழற்றிவிட்டுக் கோலை அவள் கையில் கொடுத்தேன். ஈயக் குண்டு அடியைத் தொட்டுக்கொண்டு போக, பூச்சி ஓட்டத்தின் வேகத்துக்கே போக வேண்டும், நரம்பு அதை இழுக்கக் கூடாது, அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை மூடியது, அவள் கோலைத் தூக்கினாள்.

ரெயின்போ ட்ரவுட். விலாவில் ரோஜா நிறப் பட்டை. தண்ணீரை விட்டு வெளியே எடுக்காதே என்று கத்தினேன். உறைபனிக் காற்றில் செவுள் கெட்டுவிடும். வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து, கையுறையைக் கழற்றி நனைந்த கையால் முள்ளை எடுத்தேன். முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு முனையை முன்பே நசுக்கிவிடுவோம், சுலபமாக வந்துவிடும். அவள் குனிந்து பார்த்தாள். தாடையின் ஓரத்தில் பழைய காயம் ஒன்று, ஆறி வெளுத்திருந்தது. யாரோ முன்பே பிடித்து விட்ட மீன்.

"இதில் அதற்கு என்ன லாபம் மாமா?" என்றாள்.

குதர்க்கமாகக் கேட்கவில்லை. நான் வழக்கமான பதில்களைச் சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்ற விதி எழுபதுகளிலேயே வந்துவிட்டது. கீழே டூ ஃபோர்க்ஸ் என்று ஓர் அணை கட்டி டெக்கர்ஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்கப் பார்த்தபோது எதிர்த்துப் போராடியவர்களில் தூண்டில்காரர்களும் உண்டு. 1990-இல் மத்திய சுற்றுச்சூழல் முகமை அதை மறுத்துவிட்டது. நாங்கள் இல்லாவிட்டால் இந்த ஆறே இல்லை என்று நீட்டினேன். "அது ஆற்றுக்கு மாமா. நான் இந்த மீனைக் கேட்டேன்" என்றாள்.

சுந்தரம், இரவெல்லாம் இதே யோசனை. கோடையில் பிடிபட்டு நழுவுகிற மீன் இரை தின்று இழந்ததை மீட்டுக்கொள்ளும். குளிர்காலத்தில் வரவு மிகக் குறைவு. ஆற்றில் உள்ள மீன்கள் எல்லாம் நாலைந்து கசத்தில் ஒதுங்கி நிற்கும் காலம் பார்த்து, அந்தக் கசத்தைச் சுற்றி நாங்கள் நிற்கிறோம். இவையும் இந்த ஆற்றுக்குச் சொந்தமானவை அல்ல. ரெயின்போ பசிபிக் கரையிலிருந்து வந்தது, பிரவுன் ட்ரவுட்டின் முட்டைகள் 1883-இல் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கு வந்தன. இந்த மலைகளுக்கு உரிய கட்த்ரோட் என்ற ட்ரவுட் மேலே சில ஓடைகளில் ஒதுங்கிவிட்டது. மனிதன் கொண்டுவந்து விட்ட மீனை, மனிதன் திறந்துவிடும் தண்ணீரில், மனிதன் பிடித்துப் பிடித்து விடுகிறான். இதை நினைத்தால் ஒரு சமயம் எல்லாம் விளையாட்டுதானே என்று தோன்றுகிறது. இன்னொரு சமயம், கொண்டுவந்து விட்டவனுக்குத்தானே கூடுதல் பொறுப்பு என்றும் தோன்றுகிறது.

விட்டுவிட முடியுமா என்றால், முடியாது. அந்த வெள்ளை வாய் திறந்து மூடும் கணத்துக்காக நான் எந்தக் குளிரிலும் போய் நிற்பேன். இங்கே சிலர் முள்ளின் நுனியையே வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். மீன் கவ்வும், நரம்பு துடிக்கும், உடனே உமிழ்ந்துவிடும். முன்பு நானே அவர்களைக் கேலி செய்திருக்கிறேன். நேற்று இரவு ஒரு பெட்டி மிட்ஜை எடுத்து, இடுக்கியால் நுனிகளை வெட்ட ஆரம்பித்துப் பாதியில் வைத்திருக்கிறேன். உன் கருத்தை எழுது. வாத்தியார் வேட்டி விவகாரத்தில் தீர்ப்புச் சொன்னவன் நீ, இதற்கும் சொல். ஆனால் "பிடிக்கிறதானால் பிடித்துக் குழம்பு வை" என்று மட்டும் எழுதாதே, அதைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டாய்.

பிப்ரவரியில் மறுபடி வருவதாக அவள் சொல்லியிருக்கிறாள், முள் இல்லாத பெட்டியோடு. ஒன்று மட்டும் நினைவில் வை: திரும்பும்போது கரைப் பனிக்கட்டியில் வழுக்கி, இடுப்புவரை ஆற்றில் இறங்கிவிட்டாள். காரில் மாற்றுடை இருந்தது, சூடான காபி இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சோடாபுட்டியிடம் மூச்சு விடாதே.

அன்புடன்,
ராமு