மேஜிக் கலைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவின்படி, இந்த ஆண்டுப் பயிற்சிகள், கட்டுகளிலிருந்து தப்பிக்கும் வித்தைகளால் புகழ்பெற்ற மேஜிக் கலைஞர் ஹாரி ஹூடினியின் வாழ்க்கையை ஒட்டியே நடந்தன. பூட்டும் சங்கிலியும் எப்போது வரும் என்று இளைய உறுப்பினர்கள் முதல் நாளிலிருந்தே நச்சரித்தார்கள். நாம் சீட்டுக்கட்டில்தான் தொடங்கினோம். 1874-இல் புடாபெஸ்டில் பிறந்த அந்த மனிதரும் ‘சீட்டுகளின் அரசன்’ என்ற விளம்பரத்தோடு மேடையேறியவர்தானே! 1899-இல் மார்ட்டின் பெக் என்ற அரங்க முதலாளி கைவிலங்கு வித்தையைப் பிடித்துக்கொள்ளச் சொன்ன பிறகுதான் பெரும்புகழ் வந்தது. அப்பேர்ப்பட்டவரையே 1922-இல் சிகாகோவில் டாய் வெர்னான் என்ற மேஜிக் கலைஞர் ஒரு சீட்டு வித்தையால் திணறடித்தார். இதைச் சொன்னபின் சீட்டு வகுப்புக்குக் கூட்டம் கூடியது. செயலாளருக்கு அதில் அற்ப சந்தோஷம்.

அதிக நாள் பிடித்தது ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட், அதாவது கைகளை உடம்போடு சேர்த்துக் கட்டிவிடும் நீளக்கைச் சட்டை. அதை மாட்டும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். மூச்சை இழுத்து மார்பை விரித்து, பலமான கையை மேலே வைத்துக்கொண்டால் உள்ளே கொஞ்சம் தளர்வு மிஞ்சும். அந்தத் தளர்வை வைத்துத்தான் கையைத் தலைக்கு மேல் தள்ளி, பக்கிள்களைப் பல்லாலும், துணிக்குள்ளிருந்தே விரலாலும் அவிழ்க்க முடியும்.

ஆரம்பத்தில் ஹூடினி இதைத் திரைக்குப் பின்னால் செய்தார், பார்த்தவர்கள் நம்பவில்லை. திரையை விலக்கியதும் அதே வித்தைக்குக் கைதட்டல் பலமானது. நம் ஆண்டு விழாவிலும் இதைக் கண்டோம். சட்டென்று அவிழ்த்துவிட்டு நின்ற உறுப்பினருக்குக் கைதட்டல் குறைவு. தோளைத் திருகி, தரையில் புரண்டு, வியர்த்து வெளியே வந்தவருக்குத்தான் அரங்கம் அதிர்ந்தது. முதலாமவருக்கு வருத்தம்தான். திறமையில் அவர்தான் ஒரு படி மேல் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தண்ணீர் வித்தைகளைச் சங்கத்தில் யாரும் முயலக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. நீர் நிரப்பிப் பூட்டியதற்குள்ளிருந்து ஹூடினி தப்பிய 1908-இன் பால் கேன், 1912-இன் நீர்த்தொட்டி இரண்டையும் பற்றிப் பேசியதோடு சரி. வீட்டுக் குளியல்தொட்டியில் மூச்சடக்கிப் பழகிய ஹூடினியே, ஆபத்து என்றால் தொட்டியை உடைக்க, மேடையில் கோடரியோடு ஓர் உதவியாளரை நிறுத்தியிருந்தார். ஹூடினி தொட்டியில் மூழ்கி இறந்ததாக இன்னும் சிலர் சொல்கிறார்கள். குடல்வால் வெடித்து, வயிற்றில் சீழ் பரவி, 1926 அக்டோபர் 31-இல் டெட்ராய்ட் மருத்துவமனையில் இறந்தார் என்பதே உண்மை.

நைலான் கயிறு வழுக்குவதால் முடிச்சுப் பயிற்சிக்குப் பருத்திக் கயிறு வாங்க பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்