குடை வைத்துவிட்டுப் போன ஓவியர்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். இங்கே மகள், மாப்பிள்ளை எல்லோரும் சௌக்கியம். பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான்.

போன சனிக்கிழமை நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு படத்தைப் பார்த்ததிலிருந்து உன் ஞாபகம்தான். தாமஸ் கோல் என்பவர் 1836-ல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். ‘ஆக்ஸ்போ’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆறடிக்கு மேல் அகலம், நாலடிக்கு மேல் உயரம். மாசசூசெட்ஸில் ஹோலியோக் மலைமேல் நின்று கனெக்டிகட் ஆற்றைப் பார்க்கும் காட்சி.

இடது பக்கம் முழுக்கக் காடு. முறிந்து கோணலாக நிற்கும் மரம், அதற்கு மேலே கறுத்த மேகம், தூரத்தில் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கும் மழை. வலது பக்கம் அப்படியே வெயில். ஆற்றோரம் சதுரம் சதுரமாக வயல்கள், வீடுகள், மெல்லிய புகை. நடுவில் ஆறு ஒரு பெரிய வளைவு போட்டுத் திரும்புகிறது. நுகத்தடியில் மாட்டின் கழுத்தை நாம் பூட்டாங்கயிற்றால் கட்டுவோம் இல்லையா, அங்கே அந்த வேலையை வளைத்த மரக்கட்டை ஒன்று செய்யும். அதன் பேர்தான் ஆக்ஸ்போ. ஆற்றின் வளைவும் அதே வடிவம்.

பாறை விளிம்பில் ஒரு குடை, பக்கத்தில் படம் வைக்கும் பை. பையில் கோலின் பெயர். இதைத்தான் முதலில் பார்த்தேன். ஆளைக் காணோமே என்று தேடினால், கீழே பாறைகளுக்கும் புதருக்கும் நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம். படத்தாங்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். அவ்வளவு பெரிய படத்தில் தனக்கு அவ்வளவு சின்ன இடம். அதிலும் வயல் பக்கம் இறங்காமல், காட்டுப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து அரை மணி நேரம் நகரவே இல்லை நான்.

காடு நல்லது, வயல் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. அந்த வெயிலை அவ்வளவு ஆசையோடு தீட்டியிருக்கிறார். ஆனால் மழை நனைத்த காட்டை விட்டு இறங்கவும் அவருக்கு மனசில்லை. அதே 1836-ல் அமெரிக்க நிலக்காட்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, கோடரி நாளுக்கு நாள் காட்டை அழித்துக்கொண்டு வருகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறார். அவர் பிறந்தது 1801-ல், இங்கிலாந்தின் லங்காஷயரில். பஞ்சாலைப் புகை சூழ்ந்த ஊர்ப் பக்கம். சின்ன வயதில் துணியில் அச்சிடும் பூ வேலைக்கு அச்சு செதுக்கிப் பிழைத்தவர். 1818-ல் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். ஓவியத்தைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். புகையில் வளர்ந்தவருக்குத்தானே காட்டின் அருமை தெரியும்!

இந்தப் படம் வரைந்த வருடம் அவர் வேறு ஒரு பெரிய வேலையில் இருந்தார். ஒரு சாம்ராஜ்யம் எழுந்து விழுவதைச் சொல்லும் ஐந்து படங்கள். லூமன் ரீட் என்ற வியாபாரி கேட்டு வரையச் சொன்னவை. அதைச் சற்று நிறுத்திவிட்டுத்தான், நேஷனல் அகாடமி என்ற கலைஞர் சங்கத்தின் ஓவியக் கண்காட்சிக்காக இதை வரைந்தார். தூரத்து மலைச்சரிவில் மரம் வெட்டிய தழும்புகள் எபிரேய எழுத்து போலத் தெரிகின்றன என்று சிலர் சொல்கிறார்கள். என் கண்ணுக்கு அவை தழும்புகளாகவே தெரிந்தன, அதுவே போதும் என்று தோன்றியது.

இன்னொன்று கேள். படம் முடிந்த நாலே வருடத்தில், 1840-ல், வெள்ளம் வந்து ஆறு அந்த வளைவின் கழுத்தை உடைத்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டினாரே, குதிரைக் குளம்பு ஏரி, அதுவாகவே ஆகிவிட்டது. இப்போது அதன்மேல் பெரிய நெடுஞ்சாலை போகிறது. கோடரியை நினைத்துக் கவலைப்பட்டவருக்கு முன்னால், ஆறே தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. 1848 வரை கோல் உயிரோடு இருந்தார். ஆறு இனி சுற்றி ஓடாத வளைவு ஒன்று, அன்றைய வெயிலோடு, அந்தத் துணியில் இருக்கிறது.

நம் ஆற்றங்கரையில் நீயும் நானும் அட்டையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வரைந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. நீ எப்போதும் தண்ணீரை முதலில் தீட்டுவாய், நான் கரையை. உன் படங்களை இன்னும் வைத்திருக்கிறாயா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதே, நான் வந்ததும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓவியத்தின் அச்சுப் படம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு ஊர் வரும்போது கொண்டுவருகிறேன். அதில் அந்த மனிதர் கடுகளவுதான் இருப்பார். உன் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து வை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சேகர்