இதயத்தை எங்கே வெட்டுவது என்று சொன்னவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். செவிலியர் பயிற்சி மாணவர்களுக்கான உடற்கூறு வெட்டுத்தோற்றப் படத்தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. இதயம், உட்செவி, சிறுநீரகம் மூன்றும் அறுத்துத் திறந்த நிலையில் அதில் இருக்கின்றன. அட்டையில் என் பெயர் மட்டும் நிற்கிறது. உதவியவர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் "எங்கள் பெயரெல்லாம் எதற்கு?" என்று மறுத்துவிட்டார்கள். பெயர் இல்லாத நன்றி மடல் என்ன மடல் என்று தோன்றலாம். ஆனாலும் அவர்கள் செய்த வேலையைச் சொல்லத் தடையில்லையே.

"கணினியில் போட்ட படம்தானே, பொத்தானை அழுத்தினால் வெட்டிவிடாதா?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். வெட்டிவிடும். தொல்லையெல்லாம் வெட்டிய பிறகுதான். முப்பரிமாண மாதிரி என்பது சிறு சிறு முக்கோணங்களால் பின்னிய மேற்பரப்பு மட்டுமே; தசை என்று உள்ளே ஒன்றும் கிடையாது. கைதவறி உடைந்த கொலு பொம்மைபோல, வெட்டினால் மெல்லிய ஓடும் வெற்றிடமும்தான் தெரியும். வெட்டிய இடத்தில் கனமான தசை இருப்பதாகக் காட்ட வேண்டுமானால் அந்தத் திறப்பை மூடி, அதற்கு ஒரு முகம் செய்ய வேண்டும். அந்த முகத்தில் எது எவ்வளவு கனம், எது எங்கே ஒட்டியிருக்கிறது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. அதைச் சொன்னவர்கள் மனிதர்கள். முதல் நன்றி அவர்களில் மிகத் தொலைவில் இருப்பவர்களுக்கு.

ஜப்பானின் உயிரறிவியல் தரவுத்தள மையம் வெளியிட்ட பாடிபார்ட்ஸ் த்ரீடி என்ற தொகுதிதான் இந்தப் படங்களுக்கு மூலம். எலும்பு, தசை, நாளம் என உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றும் அதில் தனித்தனி மாதிரியாகக் கிடைக்கின்றன. டாரோ என்று பெயரிடப்பட்ட ஜப்பானிய ஆண் உடல் மாதிரி அதற்கு அடிப்படை. உயிரோடிருந்த தன்னார்வலர் ஒருவரை எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்து உருவாக்கியது அது, உயரம் 172.8 செ.மீ., எடை 65 கிலோ. எம்ஆர்ஐயில் தெளியாத நுண்பகுதிகளை மருத்துவ அறிவு கொண்டு வரைந்து சேர்த்திருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம். இந்தத் தாராளம் இல்லாவிட்டால் என்னைப் போன்ற தனியாள் இந்த வேலையைத் தொட்டிருக்கவே முடியாது.

வெட்டுமுகத்தின் நிறத்துக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருவர், இருவருமே உயிருடன் இல்லை. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் ஓர் ஆணின் உடலையும் 1995இல் ஒரு பெண்ணின் உடலையும் உறையவைத்து, மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்த வண்ணப் படங்களை வெளியிட்டது. ஆணின் உடலில் அடுக்குக்கு 1 மி.மீ., பெண்ணின் உடலில் 0.33 மி.மீ. அந்த ஆண், டெக்சஸ் மாநிலத்தில் 1993இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜோசப் பால் ஜெர்னிகன். அந்தப் பெண் மேரிலாந்தைச் சேர்ந்த, 59 வயதில் மாரடைப்பால் இறந்தவர், பெயர் வெளியிடப்படவில்லை. தண்டனைக் கைதி ஒருவரின் ஒப்புதலை எவ்வளவு தூரம் முழுமையான ஒப்புதலாகக் கொள்ளலாம் என்ற கேள்வி அன்றே எழுந்தது. எனக்கும் அது உறுத்துகிறது. உறுத்தலோடேதான் நன்றி சொல்கிறேன். இதயத் தசையின் வெட்டுமுகம் பாடப் புத்தகங்களில் வருவதுபோல் குங்குமச் சிவப்பு அல்ல, பழுப்பு கலந்த மங்கல் சிவப்பு என்பதை அந்தப் படங்களில்தான் பார்த்தேன்.

அடுத்து, முப்பரிமாண மாதிரிகளை வெட்ட நான் பயன்படுத்திய பிளெண்டர் மென்பொருள். அதை நடத்திவந்த நிறுவனம் மூடப்பட்டபோது, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலைப் பொதுவில் விடலாம் என்று முதலீட்டாளர்கள் இசைந்தார்கள். அதை உருவாக்கிய டான் ரூசென்டால் பொதுமக்களிடம் கையேந்தினார். ஏழே வாரங்களில் பணம் சேர்ந்தது. 2002 அக்டோபர் முதல் அது எல்லோருக்குமான மென்பொருள். அன்று ஐந்தும் பத்துமாக யூரோ அனுப்பிய முகம் தெரியாதவர்களே, நீங்கள் போட்ட காசில்தான் இந்த இதயம் திறந்தது.

பிளெண்டரில் வெட்ட வழிகள் பல. கேமராவுக்கு அருகில் உள்ளவற்றை மறைத்துவிடுவது எல்லாவற்றிலும் சுலபம். கிடைப்பது வெற்று ஓடு. மேற்பரப்பின் உட்பக்கத்துக்கு மட்டும் நிழல் விழாத தட்டையான நிறம் கொடுத்தால் வெட்டிய முகம்போலக் கண்ணுக்குத் தோன்றும். நல்ல தந்திரம், ஒளி சாய்ந்து விழும்போது காட்டிக்கொடுத்துவிடும். நான் நம்பியது பூலியன் முறையை. பெரிய பெட்டி ஒன்றை இதயத்துக்குள் செருகி, பெட்டி அடைக்கும் பகுதியை இதயத்திலிருந்து கழித்துவிடுவது அது. கழித்த இடத்தில் புதிய முகம் தானாக உருவாகும்; பெட்டியின் நிறத்தையே அந்த முகத்துக்குத் தரவும் முடியும். மேற்பரப்பில் ஓட்டை இருக்கக் கூடாது, முக்கோணங்கள் உள்வெளி மாறி நிற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஒன்றன்மேல் ஒன்று படிந்த முகங்கள் வந்தால் பழைய முறை திணறும். 2020இல் வந்த 2.91 பதிப்பில் அதைச் சீர்செய்து புதிய கணக்கீட்டை எழுதிய ஹோவர்ட் ட்ரிக்கிக்கு என் வணக்கம். அது மெதுவானது, ஆனால் பொய் சொல்வதில்லை.

எங்கே வெட்டுவது என்று கற்றுக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர். உடலின் நடுக்கோட்டில் வெட்டினால் இதயம் சரிபாதியாகாது என்றார். அதன் மூன்றில் இரண்டு பங்கு இடப்பக்கம் கிடக்கிறது. இதயம் சாய்ந்து, முறுகிப் படுத்திருக்கிறது. வலது வெண்ட்ரிக்கிள் (கீழறை) மார்பெலும்புக்குப் பின்னால் முன்வரிசையில், இடது ஆரிக்கிள் (மேலறை) முதுகுப் பக்கம் உணவுக்குழாயை ஒட்டி. நான்கு அறைகளும் ஒருசேரத் தெரிய வேண்டுமானால் உடலின் திசைகளை மறந்துவிட்டு, இதயத்தின் நுனியிலிருந்து இரண்டு வால்வுகளின் நடுவே செல்லும் தளத்தில் வெட்ட வேண்டும். ஆனால் அந்தத் தளத்தில் பெருந்தமனி அகப்படாது. பாடப் புத்தகப் படங்களில் எல்லாமே ஒரே வெட்டில் தெரிகிறதே என்றேன். "ஓவியன் வளைத்திருப்பான்" என்று சிரித்தார். கடைசியில் அவரே படிவெட்டுக்குச் சம்மதித்தார்: கீழே நான்கறைத் தளம், மேலே வெட்டு ஒரு படி முன்னால் நகரும், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் முழுதாக நிற்கும். ரஷ்ய மருத்துவர் பிரகோவ் 19ஆம் நூற்றாண்டில் உறைந்த சடலங்களை ரம்பத்தால் அறுத்து வெட்டுத்தோற்றப் படத்தொகுதி செய்த கதையையும் ஐயாதான் சொன்னார். பீட்டர்ஸ்பர்க் குளிர் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. நம் ஊர் வெயிலுக்குக் கணினிதான் கதி.

எக்கோ பரிசோதனை செய்யும் அக்காவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நாள் முழுவதும் இதயத்தை ஒலியலையால் வெட்டிப் பார்ப்பவர் அவர். எந்தத் தளத்தில் எது தெரியும் என்பது கைப்பழக்கமாகவே வந்துவிட்டிருக்கிறது. நான் நீட்டிய தாளை வாங்கியவுடன் தலைகீழாகத் திருப்பினார். எக்கோ திரையில் இதயத்தின் நுனி மேலேதான் இருக்குமாம். பார்த்த மாத்திரத்தில், "தம்பி, இரண்டு வால்வும் ஒரே மட்டத்தில் இருக்கிறதே, இருக்கக் கூடாது" என்றார். நடுச்சுவரில் வலப்பக்க மூவிதழ் வால்வு ஒட்டும் இடம், இடப்பக்க ஈரிதழ் வால்வு ஒட்டும் இடத்தைவிடச் சில மில்லிமீட்டர் நுனிப்பக்கம் தள்ளி இருக்கும். எது வலது வெண்ட்ரிக்கிள், எது இடது என்று பிறவிக் குறையுள்ள இதயங்களில் அடையாளம் காணவே அந்தச் சிறு வித்தியாசம் பயன்படுகிறது. அவர் சொல்லாவிட்டால் அது மாணவர்களிடம் போயே சேர்ந்திருக்காது.

சுவர்களின் கனத்தையும் அவரே சரிபார்த்தார். இடது வெண்ட்ரிக்கிள் சுவர் 6 முதல் 10 மி.மீ., வலது பக்கம் 3 முதல் 5 மி.மீ. ஓட்டுக்குச் சீராகக் கனம் கூட்டித்தரும் கருவி பிளெண்டரில் உண்டு. இதயத்தில் அதைப் பயன்படுத்தினால் இரண்டு சுவரும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒவ்வோர் அறையின் உட்குழிவையும் தனி உருவாக வைத்துக் கழிக்க வேண்டும். இதயத்துக்கும் பெரிகார்டியம் உறைக்கும் இடையே மாதிரியில் தெரிந்த அகலமான இடைவெளியைப் பார்த்து, "நீர் கோத்த நோயாளியா?" என்று கேட்டார். இயல்பான உடலில் அங்கே இருப்பது 15 முதல் 50 மி.லி. திரவம்தான், மெல்லிய படலமாக. அக்கா, ஓய்வு நேரத்தில் உங்கள் மதிய உணவைக் குளிரவைத்துவிட்டுத் தாளில் கோடிட்டுக் காட்டினீர்களே, அத்தனையும் படத்தில் ஏறியிருக்கிறது.

பெட்டியால் வெட்டும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. வால்வு இதழ்களைப் பிடித்திருக்கும் நாண்களும் பாப்பில்லரித் தசைகளும் துண்டாகி, பாதி அந்தரத்தில் தொங்கும். அவற்றை வெட்டிலிருந்து விலக்கி முழுதாக விட்டுவிடுங்கள் என்றவர்கள் என் முதல் வாசகர்களான மாணவிகள். "தொங்குவது என்ன கட்டியா?" என்று அவர்கள் கேட்டதிலேயே விடை இருந்தது. பளபளப்பான வெட்டுமுகத்தைத் தேங்கிய இரத்தம் என்று படித்ததும் அவர்கள்தான். அதன் பிறகு இயற்கையான உட்பரப்புக்கு மட்டும் பளபளப்பு, வெட்டிய இடத்துக்கு மங்கலான நிறம் என்று வைத்துக்கொண்டேன்.

உட்செவிக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியாவின் இரண்டரைச் சுற்றையும் அதன் நடுத்தண்டு வழியே வெட்டினால் சுற்றுக்கு மூன்று கால்வாய்கள் ஒழுங்காக வரிசைகட்டுகின்றன. எங்கே வெட்டு, எங்கே சாய்வு என்று த்ரீடி ஸ்லைசரில் முன்கூட்டியே பார்த்துக்கொண்டேன். பாஸ்டனில் தொடங்கிய அந்த இலவச மென்பொருளைக் கட்டிக்காத்து வருபவர்களுக்கும் நன்றி. சிறுநீரகம் நல்ல பிள்ளை. நெடுக்காக ஒரே வெட்டு.

உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களுக்குப் பாடநூல்கள் துணை நின்றன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனையும் அவருடைய மாணவர்களையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

அச்சக அண்ணாச்சி சொன்ன ஒன்று புத்தகத்தையே காப்பாற்றியது. "திரையில் தெரியும் சிவப்பு நான்கு நிற அச்சில் வராது. வந்தாலும் என்ன பயன், பிள்ளைகள் ஜெராக்ஸ்தானே எடுப்பார்கள்?" என்றார். கறுப்பு வெள்ளை நகலில் தசையும் இரத்தமும் ஒரே சாம்பலாகிவிடும். பொறியியல் வரைபடங்களில் இருப்பதுபோல் வெட்டுமுகத்தில் நெருக்கமான சாய்கோடுகள் போடச் சொன்னார். இப்போது மூன்றாம் தலைமுறை நகலிலும் வெட்டு எது, குழிவு எது என்று தெரிகிறது.

இரவெல்லாம் கணினி ஓடியபோது மின்கட்டணத்தைப் பற்றி மூச்சுவிடாத என் மனைவிக்கும், தன் விளையாட்டுக் கணினியை இரவல் தந்த அக்காள் மகனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். கணினியைத் திருப்பித் தந்துவிட்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வெட்டிய மாதிரிகளின் பிளெண்டர் கோப்புகள் வேண்டும் ஆசிரியர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். பயன்படுத்தும் இடத்தில் பாடிபார்ட்ஸ் த்ரீடியின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள், உரிமம் அப்படித்தான் சொல்கிறது.

நன்றியுடன்,
படங்களை வெட்டி ஒட்டியவன்