மீன் தோலும் றால் கோதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அண்ணருக்குப் பொய்க்கால். மாரியில் அது உராய்ந்து மிச்சக்கால் நுனி புண்ணாகிவிடும். மருந்து கட்டும் கோஸ் துணி காய்ந்து தசையோடு ஒட்டிக்கொள்ளும். உப்பு நீர் விட்டு ஊறவைத்து மெல்ல உரித்தாலும் புதுத்தோலும் சேர்ந்தே வரும். அண்ணர் சுவரைப் பார்த்தபடி பல்லைக் கடிப்பார்.

பிரேசிலின் ஃபோர்தலேசா நகரில் தீக்காயத்துக்குத் திலாப்பியா மீன் தோலைப் போர்த்திப் பார்த்திருக்கிறார்கள். அதில் கொலாஜன் என்ற புரதம் அதிகம். புண்ணின் ஈரத்தைக் காக்கும், அடிக்கடி கட்டு மாற்றும் வேதனையும் குறையும். பழுப்புக் கடற்பாசியில் எடுக்கும் அல்ஜினேட் என்ற பொருள் புண்நீரை உறிஞ்சிக் களியாகிவிடுவதால் ஒட்டாது. றால் கோதிலிருந்து, அதாவது இறால் ஓட்டிலிருந்து, செய்யும் கைட்டோசான் என்ற பொருள் இரத்தத்தை உறையவைக்கும்.

சரி, நம்மிடம் என்ன இல்லை? இரணைமடுக் குளத்திலும் வவுனிக்குளத்திலும் திலாப்பியா, நந்திக்கடலில் றால். தோலையும் கோதையும் காகத்துக்குத்தான் எறிகிறோம்.

இதை வாசித்துவிட்டு யாரும் பச்சை மீன் தோலைப் புண்ணில் வைத்துவிடாதீர்கள். பிரேசிலில் கிருமி நீக்கிய பிறகே பயன்படுத்துகிறார்கள். புண்ணுக்குக் காட்டுத்தேன் பூசுவதும் அப்படித்தான், மருத்துவத்துக்கான தேன் கதிர்வீச்சால் சுத்தமாக்கப்பட்டது, போத்தல் தேன் வேறு.

கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்குள்ள மாணவர்கள் ஒரு கூடை றால் கோதிலிருந்து இந்த ஆய்வைத் தொடங்கலாமே? கோது நான் தருகிறேன்.

வாசகி,
முல்லைத்தீவு