கௌசல்யாவுக்கு, மாடியில் போடும் ஈப்பே பலகை பற்றி

வேலூர்
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள கௌசல்யா,

உன் கடிதம் காணும் பொங்கலுக்கு அடுத்த நாள் கைக்கு வந்தது. நீயும் அண்ணனும் பெங்களூரை விட்டுக் குடியாத்தத்து வீட்டுக்கே வந்துவிடுவதாக முடிவு செய்துவிட்டீர்கள் என்ற வரியை இவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுதத் தெரியவில்லை. இனி உன்னைப் பார்க்க ராத்திரி ரயில் பிடிக்க வேண்டாம், காலையில் பஸ் ஏறினால் உன் வீட்டில் டிபன் சாப்பிடலாம்.

இங்கே எல்லாரும் நலம். இவருக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். கடையைப் பெரியவன் பார்த்துக்கொள்கிறான். நான் மதியத்தில் போய் உட்காருகிறேன், வார்னிஷ் வாசனை இல்லாமல் எனக்குப் பொழுது போவதில்லை. சின்னவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆம்பூர்ப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மருமகன் கட்டடத்தில் மிஞ்சிய ஈப்பே என்கிற தென் அமெரிக்கக் கெட்டி மரப் பலகைகளை வாங்கி வைத்திருக்கிறீர்கள், மாடியில் மேற்குப் பார்த்த பக்கம் தளமாகப் போடப் போகிறீர்கள், பத்து வருஷம் தாங்குகிற ஸ்டெயின், அதாவது மரத்துக்கு நிறம் கொடுக்கும் பூச்சு, எது என்று கேட்டிருக்கிறாய். அப்படி ஒன்று கிடையாதுடி. மரம் தாங்கும். ஒரு சொட்டு எண்ணெய் காட்டாமல் விட்டாலும் இருபது வருஷத்துக்கு மேல் கிடக்கும். நியூயார்க்கில் கோனி தீவுக் கடற்கரை நடைமேடைக்குப் பல காலம் இந்த மரத்தைத்தான் போட்டு வந்தார்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,050 கிலோ எடை, தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். நம் தேக்கு 650 கிலோ பக்கம்தான். கரையான் பல்லுக்கும் பூஞ்சைக்கும் ஈப்பே சுலபத்தில் மசியாது. ஆகவே நீ பூசப்போவது மரத்தைக் காப்பாற்ற இல்லை, அதன் நிறத்தைக் காப்பாற்ற. இதை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நிறம் ஏன் போகிறது என்பது உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒரே லேபில் படித்தவர்கள்தானே. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் மரநாரை ஒட்டவைத்திருக்கும் லிக்னினை உடைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது செல்லுலோஸ், அதுதான் அந்த வெள்ளி நரை. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் பூச்சு எதுவும் இந்தக் கதிரை அதிக நாள் தடுக்காது. தடுப்பது நிறமி, அதிலும் நுண்ணியதாக அரைத்த இரும்பு ஆக்சைடு நிறமி. கடைக்காரன் "கிளியர்" என்று எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

அடுத்தது உங்கள் பெயின்டர் சொன்ன பி.யூ., அதாவது பாலியூரித்தேன், கோட்டிங். கௌசல்யா, தயவுசெய்து அதைப் போட விடாதே. கதவுக்கும் மேசைக்கும் அது நல்லது, நானே விற்கிறேன். வெட்ட வெளியில் கிடக்கும் தரைக்கு ஆகாது. ஈப்பேயின் துளைகள் அவ்வளவு நெருக்கம், உள்ளே எண்ணெயும் உண்டு. பி.யூ. மாதிரிக் கெட்டிப் பூச்சு உள்ளே இறங்காது, மேலே தோலாக நிற்கும். அந்த மரத்தில் இருக்கும் சில பொருட்களுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற குணம் இருப்பதால் சில சமயம் வார்னிஷ் நாள் கணக்காகக் காயாமல் பிசுபிசுக்கும். அப்படியே காய்ந்தாலும் சித்திரை வெயிலில் பலகை விரிந்து, ஐப்பசி மழையில் உப்பி, ஆணி இடத்திலும் ஓரத்திலும் அந்தத் தோல் வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் போனால் வெளியே வர வழி இல்லை. காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் இப்படித் தகடு தகடாக உரிந்து நின்றதைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார்கள். மறுபடி பூச வேண்டுமென்றால் முழுத் தளத்தையும் தேய்த்து உரித்தாக வேண்டும், செலவு முதலில் ஆனதைவிட அதிகம். நீரில் கரையும் அக்ரிலிக் ஸ்டெயின்களில் பலவும் இந்த மரத்தில் இப்படித்தான் மேலே நின்றுவிடும்.

நான் உனக்குச் சொல்வது ஊடுருவும் எண்ணெய் ஸ்டெயின். டப்பாவில் கடின மரத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும், பூசிவிட்டு மிச்சத்தைத் துடைத்து எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும், நிறமியும் பூஞ்சைத் தடுப்பானும் கலந்திருக்க வேண்டும். இது உரியாது, மங்கும். மங்கினால் கழுவி, உலர்த்தி, மேலே இன்னொரு கை பூசினால் போதும். என் கணக்கில் "நீடித்து உழைப்பது" என்பது இதுதான்: சுலபமாகப் புதுப்பிக்க விடுகிற பூச்சு. நம் வெயிலுக்கு வருஷம் ஒரு தடவை, நிழல் விழும் பக்கம் கொஞ்சம் தாமதமாக. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது மாடிக்கும் சேர்த்து ஆளைச் சொல்லிவிடு. மழை ஓய்ந்து, வெயில் ஏறுவதற்கு முந்திய அந்த வாரங்கள்தான் இதற்கும் சரியான காலம்.

அண்ணன் விளக்கெண்ணெய் பூசலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாமென்று சொல். விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் காயாத எண்ணெய்கள், தூசி அப்பிக் கறுத்துப்போகும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் தனியாகப் பூசினால் அதுவே பூஞ்சைக்குத் தீனி, மழைக்காலத்தில் கரும்புள்ளி விழும். முந்திரிக்கொட்டை எண்ணெய் கூரைக் கைமரத்துக்குப் பூசி நாம் பார்த்ததுதான். தரைக்கு அந்தக் கருமை நன்றாக இருக்காது, கையில் பட்டால் புண்ணும் ஆகும்.

நிறத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. அடர்ந்த நிறத்தில் நிறமி அதிகம், வெயிலை அதிக நாள் தாங்கும். ஆனால் கறுப்பு கூடக் கூடச் சூடும் கூடும். கத்திரியில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும்போது மேற்குப் பக்க மாடியில் அடர்ந்த மரத்தின்மேல் வெறுங்காலை வைக்க முடியாது. பேரக் குழந்தைகள் ஓடுகிற இடம். நான் இடைப்பட்ட பழுப்பைத்தான் எடுப்பேன். வெட்டிப்போட்ட துண்டுகளில் இரண்டு மூன்று நிறம் பூசி மாடியில் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய், நிற அட்டையைப் பார்த்து வாங்காதே.

வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதிவிடுகிறேன், ஆசாரியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. பலகையைப் பொருத்துவதற்கு முன்னாலேயே அடிப்பக்கம், பக்கவாட்டு எல்லாவற்றிலும் ஒரு கை எண்ணெய் காட்ட வேண்டும். பிற்பாடு அடிப்பக்கம் யாருக்கும் எட்டாது. அறுத்த முனைகளில் மெழுகுப் பூச்சு தடவினால் வெடிப்பு விடாது. சிமென்ட் தளத்தில் நேரே படுக்க வைக்காமல் சட்டம் கொடுத்துத் தூக்கிப் போடுங்கள், அடியில் காற்றோட்டமும் தண்ணீர் ஓட வழியும் வேண்டும். திருகாணி கண்டிப்பாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் மை ஆகும் என்பது வாணியம்பாடித் தோல் ஷெட்டுகளைப் பார்த்து வளர்ந்த உனக்குத் தெரியும். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருளான அதே டானின் வேலைதான் இங்கேயும், சாதா இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை பரவும். முன்கூட்டியே துளை போடாமல் திருகினால் ஆணி முறியும், அவ்வளவு கெட்டி.

மில்லில் இழைத்த பலகை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், அதன்மேல் எதுவும் ஒட்டாது. 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், அதைவிட நைசாகப் போக வேண்டாம். தூசி மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது, முகக்கவசம் இல்லாமல் யாரையும் தேய்க்க விடாதே. அந்தத் தூசி மஞ்சளாக இருக்கும். கொஞ்சம் எடுத்துச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டுப் பார், ஆரத்தி கரைத்ததுபோலச் சிவக்கும். அதில் இருக்கும் லாபக்கால் என்ற மஞ்சள் நிறப்பொருள் காரத்தில் செய்கிற வேலை அது. இதை எழுதும்போதே எனக்கு நம் பிராக்டிகல் ஹால் ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் காரணத்தால்தான் சோடியம் பெர்கார்பனேட் என்ற காரத்தூள் போட்டுக் கழுவியதும் மரம் திடீரென்று கறுத்துச் சிவந்து தெரியும், பயப்படாதே. பிறகு ஆக்சாலிக் அமிலக் கரைசல் கொடுத்தால் நிறம் திரும்பிவிடும், இரும்புக் கறை இருந்தாலும் போய்விடும். அது விஷம், கையுறை போட்டுக்கொண்டு, தொட்டிச் செடிகளை நகர்த்தி வைத்துவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டுப் பலகைமேல் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார். முத்தாக நின்றால் மரம் இன்னும் தயாராகவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டால் பூசலாம். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு ஆரம்பித்து, பலகை சூடாவதற்குள் முடிக்க வேண்டும். மெல்லிசாக ஒரே ஒரு கை. கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதையெல்லாம் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். பெயின்டர்கள் இதைச் செய்யத் தயங்குவார்கள், எண்ணெய் வீண் என்பார்கள். நீ பக்கத்தில் நின்று துடைக்க வை. துடைக்காமல் விட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, இதை மட்டும் மறக்கவே கூடாது. காயும் எண்ணெய் ஊறின பனியன் வேஸ்டைக் குவித்துப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தீக்குச்சி தேவையில்லை. தண்ணீரில் முக்கி வை, அல்லது வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடு. மாடிப்படி அடியில் மூட்டை கட்டி வைக்க யாரையும் விடாதே.

மேலும் பலகை வாங்குவதாக இருந்தால் காகிதம் கேட்டு வாங்கு. அமேசான் காட்டில் ஒவ்வொன்றாக அங்கங்கே நிற்கிற மரம் இது, அதை எட்டுவதற்கே காட்டுக்குள் பாதை வெட்டுகிறார்கள். 2024 நவம்பர் 25 முதல் ஈப்பே, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, நம் எல்லைக்கு அந்தப் பக்கச் செம்மரமும் அதே பட்டியல்தான். அனுமதிச் சீட்டு இல்லாத மரத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே. இருக்கிற பலகை போதாவிட்டால் தளத்தைச் சின்னதாக்கிக்கொள், அதுதான் என் விருப்பமும்.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மாசிக்குள் பூசிவிட்டால் முடியும். தள்ளிப்போனால் சித்திரையில் அவசரப்பட்டுப் பூசாதே, சுடுகிற மரத்தில் எண்ணெய் இறங்குவதற்கு முன் மேலேயே உலர்ந்துவிடும். நரைத்த மரத்திலேயே திருவிழாவைக் கொண்டாடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அடுத்த தையில் கழுவிப் பூசினால் நிறம் வந்துவிடும்.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருகிறாய் அல்லவா, அப்படியே வேலூருக்கும் வந்துவிட்டுப் போ. அறுத்துப்போட்ட துண்டுகள் நான்கைந்து எடுத்து வா, கடையிலேயே நிறம் பூசித் தருகிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வந்திருக்கிறது, எண்ணெய்க் கத்திரிக்காய் செய்து வைக்கிறேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
வசந்தா