கஸ்தூரிக்கு, எட்டு போடப் போகும் முன்

நிலக்கோட்டை,
தை மாதம்.

அன்புள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதம் பொங்கல் முடிந்த வாரத்தில் வந்து சேர்ந்தது. தலைமையாசிரியை ஆகிவிட்டாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இத்தனை வருஷம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போடச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டியது.

பள்ளிக்கூடம் வாய்க்கால் கரை ஊரில், பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று எழுதியிருக்கிறாய். மகன் சென்னைக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்ப்ளெண்டரை ஓட்டக் கற்றுக்கொள்வது என்று நீயே முடிவெடுத்ததும், அண்ணன் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில்தான், "களத்தில் நன்றாகத்தான் ஓட்டுகிறேன் சாந்தா, லைசென்ஸுக்காக பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு வடிவத்தில் ஓட்ட வேண்டும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது, பேசாமல் கியர் இல்லாத ஸ்கூட்டிக்கே எழுதிவிடட்டுமா" என்று கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பனியில் மல்லி வரத்து குறைந்துபோய் விலை ஏறிக் கிடக்கிறது. செடியில் பூ இருப்பவனுக்குத்தான் அந்த விலை, நம் செடியில் மொட்டே வைக்கவில்லை. இருக்கிற கொஞ்சத்தை விடியும் முன் பறித்து எக்ஸெல் மொபெட்டில் வைத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன். அத்தைக்கு மதுரையில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம். பெரிய மருமகள் போன மாதம் லைசென்ஸ் வாங்கிவிட்டாள், அதுவும் கியர் வண்டிக்கு. அவளோடு நானும் போயிருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

அன்றைக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள், பாதிக்கு மேல் காலேஜ் பையன்கள். இவளுக்கு முன்னால் போன பையன் ஓட்டத் தெரிந்தவன்தான். பேரைக் கூப்பிட்டதும் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ரெண்டு முறுக்கு முறுக்கினான். எட்டின் முதல் வளைவை வேகமாக எடுத்தான். ரெண்டாவது வளைவில் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போக, கால் தரையில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் திட்டவில்லை, தாளில் குறித்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அடுத்து இவள். ஹெல்மெட் வாரை மாட்டி, இழுத்துப் பார்த்தாள். உட்கார்ந்ததும் சைடு ஸ்டாண்டை எடுத்தாள், கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தாள், நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினாள். கிளம்பும் முன் தலையைத் திருப்பி வலது தோளுக்கு மேலே பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை, வெறும் மைதானம். ஆனாலும் பார்த்தாள். அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் அப்போதுதான் நிமிர்ந்தார். அதன்பிறகு அவள் எட்டை முடிக்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

அவரும் மனுஷன்தான் கஸ்தூரி. இந்த அம்மாவை ரோட்டில் விட்டால் அவளும் பிழைப்பாளா, எதிரே வருகிறவனும் பிழைப்பானா என்பதுதான் அவர் மனசில் ஓடும் கேள்வி. வண்டி உன் பேச்சைக் கேட்கிறது, நீ அதன் பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்தால் போதும், பாதி பயம் அவருக்கே போய்விடும். கை நடுங்கினாலும் பரவாயில்லை. வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாகச் செய்: வார், ஸ்டாண்டு, கண்ணாடி, நியூட்ரல், தோளுக்கு மேலே ஒரு பார்வை. களத்திலும் ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்து பழகிவிட்டால், அங்கே போய் நிற்கும்போது கை தானாகச் செய்யும். நடுக்கம் அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது எட்டுக்கு வருகிறேன். மெதுவாகப் போகும்போது கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் அங்கேயே விழுவாய். கோட்டைப் பார்த்தால் கோட்டில் ஏறுவாய். ஒரு வளைவுக்குள் நுழையும்போதே தலை அடுத்த வளைவின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். தாடை திரும்பினால் தோள் திரும்பும், ஹேண்டில் தானாக வரும். மருமகளுக்கு இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. கடைசியில் அவள் வீட்டுக்காரனைக் களத்தின் ஓரத்தில் நடக்கவிட்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சுற்றினாள், அன்றைக்குத்தான் வந்தது. அண்ணனை அப்படி நடக்கவிட்டுப் பார்.

கிளட்ச்சில் வண்டி இழுக்கத் தொடங்கும் இடம் ஒன்று இருக்கிறது, உனக்கே தெரியும். முழுக்க விடாமல், முழுக்கப் பிடிக்காமல் அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் வைத்து, வேகத்தைக் கால் பிரேக்கால் மட்டும் பார்த்துக்கொள். வளைவில் முன்பிரேக்கைத் தொடவே தொடாதே. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி பொத்தென்று சாயும். 110 கிலோவுக்கு மேல் கனம், உன்னால் தாங்க முடியாது. இன்னொன்றும் பார்த்துக்கொள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் ரெண்டு பிரேக்கையும் இணைத்து வைத்திருப்பார்கள், பின்பிரேக்கை அமுக்கினால் முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். உன் மகன் வண்டி அதற்குப் பிறகு வாங்கியது என்றால், கால் பிரேக்கையும் மெத்தென்றுதான் வைக்க வேண்டும். முதல் கியரில் வண்டி வெடுக் வெடுக்கென்று குதித்தால் ரெண்டாவதில் போட்டுப் பார். மருமகள் ரெண்டாவதில்தான் போட்டாள். உனக்கு எது ஒத்துவருகிறதோ அதையே வைத்துக்கொள், தேர்வு அன்றைக்கு மாற்றாதே.

முட்டியால் டேங்கை அணைத்துக்கொள், முழங்கையைத் தளர்த்து. வண்டி உள்பக்கம் சாயட்டும், உன் உடம்பு நிமிர்ந்தே இருக்கட்டும். களத்தில் சுண்ணாம்புத் தூளால் எட்டு வரையும்போது முதலில் பெரிதாக வரைந்து, கை பழகப் பழகச் சுருக்கிக்கொண்டே வா. தேர்வில் இருப்பதைவிடச் சின்ன எட்டில் கால் ஊன்றாமல் சுற்றி வந்தவளுக்கு, அங்கே போனால் இடம் தாராளமாகத் தெரியும். எனக்குத் தெரிந்து தைரியம் வரும் வழி இது ஒன்றுதான். சாமி கும்பிட்டுவிட்டுப் போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சின்ன எட்டைப் போட்டுவிட்டுப் போ.

கை சைகையும் கேட்பார்கள். வலது பக்கம் திரும்ப வலது கையை நேராக நீட்ட வேண்டும், வேகம் குறைக்கக் கையை நீட்டி மேலும் கீழும் அசைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் அதே கையில்தான் இருக்கிறது, கையை எடுத்தால் வண்டி தளரும். அதனால் நேரான இடத்திலேயே காட்டிவிட்டு, கையைத் திரும்ப வைத்த பிறகுதான் வளைவுக்குள் போக வேண்டும். கையைப் பாதி நீட்டிப் பாதியில் இழுத்துக்கொள்ளாதே. தோளிலிருந்து விரல்நுனி வரை நீட்டு.

அப்புறம், உங்கள் ஊரில் ஒருவர் பணம் கொடுத்தால் எட்டே போடாமல் வாங்கித் தருகிறேன் என்றாராமே. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது உங்கள் பக்கம் சம்பா அறுப்பு. ரோட்டில் பாதிக்கு நெல் காய்கிறது, மீதிப் பாதியில் அறுப்பு மிஷின் வருகிறது. எதிரே டிராக்டர் வந்தால் நெல் மேலேதான் நீ ஏற வேண்டும், டயர் நழுவும். மதகில் திரும்ப வேண்டும், ஒரு பக்கம் வாய்க்கால். அங்கே உன்னைக் காப்பாற்றுவது இந்த எட்டில் பழகிய கிளட்ச்சும் கால் பிரேக்கும்தான். அந்த ஆளா வந்து பிடிக்கப் போகிறான்? அவனுக்குப் பணம் கொடுக்காதே, அண்ணனிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

ஸ்கூட்டிக்கு எழுதவும் வேண்டாம். கியர் வண்டி லைசென்ஸ் இருந்தால் ஸ்கூட்டியும் ஓட்டலாம். ஸ்கூட்டிக்கு வாங்கினால் மகன் வண்டியைத் தொட முடியாது. ஊரில் நாலு பேர் பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பார்க்கட்டும். உன் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளும் பார்ப்பார்கள் அல்லவா? டீச்சர் வண்டியில் வந்து இறங்குவதை அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் தேர்வுக்குப் போக முடியும், ஆறு மாதம் வரை அது செல்லும். மாசியில் தேதி எடுக்கிறேன் என்கிறாய், சரியாக இருக்கும். ஒருவேளை அன்றைக்குக் கால் பட்டுவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் தேறாவிட்டால்தான் 60 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். யாரையும் ஒரேயடியாகத் திருப்பி அனுப்புவதில்லை. உனக்கு இப்போது 52. வாங்கினால் 60 வயது வரை செல்லும், உன் சர்வீஸ் முழுக்க வரும். அட்டை அஞ்சலில் வீட்டுக்கே வந்துவிடுகிறது, விலாசத்தை மட்டும் சரியாகப் பார்த்துக்கொள்.

சேலை வேண்டாம், அன்றைக்குச் சுடிதார் போட்டுக்கொள். துப்பட்டாவைப் பின்னால் முடிந்து பின் குத்து. செருப்புக்குப் பதில் ஷூ. பிராக்டிஸ் பண்ணிய வண்டியையே கொண்டுபோ, முன்னும் பின்னும் எல் போர்டு இருக்கட்டும். முதல் நாள் சாயங்காலமே காற்று பார்த்து, ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் எரிகிறதா என்று அண்ணனைப் பார்க்கச் சொல். அசல் சான்றிதழ்களை ஒரு பையில் போட்டு வைத்துவிடு.

மகனின் ஹெல்மெட் பெரிதாக இருக்கிறது, தலையில் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அதைப் போட்டுக்கொண்டு போகாதே, தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கும்போது கண்ணை மறைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து மதுரையில் நான் வாங்கி அனுப்புகிறேன். அத்தையைக் கண் டாக்டரிடம் காட்ட அடுத்த வாரம் போக வேண்டியிருக்கிறது. புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, எத்தனை செ.மீ. என்று அதற்குள் எழுதிவிடு. கறுப்பு போதுமா, வேறு நிறம் வேண்டுமா என்றும் சொல்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
சாந்தா